சிங்கம் பார்க்கக் கிளம்பிய வேன்

தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்ட என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். சின்ன வயதில் நீங்கள் எதற்கோ பயந்து அழுதிருப்பீர்கள். பெரியவர்கள் வேறு எதற்கோ பயந்ததாக நினைத்துக்கொண்டு உங்களைச் சமாதானம் செய்திருப்பார்கள். அப்படி நடந்ததுண்டா? எனக்கு ஒரு டிசம்பர் மாதம் முழுக்க அதுதான் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "சின்னதுல சிங்கம்னா அலறுவா" என்றுதான் சொல்வார்கள். என் மகள் வரைக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கிறது. போன மாதம் அவளும் மருமகனும் காருக்குள் உட்கார்ந்தபடியே மிருகங்களைப் பார்த்துவரும் ஒரு சஃபாரிக்குப் போகத் திட்டம் போட்டார்கள். "நீ வராதம்மா, உனக்குத்தான் சிங்கம் ஆகாதே" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் அப்பா, அம்மா, நான், தம்பி. கீழே அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பெரியப்பாவிடம் ஒரு மெட்டடார் வேன் இருந்தது. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவார். முகூர்த்த நாளில் கல்யாணச் சவாரி. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. நானும் தம்பியும் மாடியில் பிறந்து கீழே வளர்ந்தோம் என்று அம்மாவே சொல்வாள்.

அந்த வேனை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கீழ்ப்பாதி நீலம், மேல்பாதி சந்தன நிறம். சீட்டு ரெக்சின் கிழிந்த இடங்களில் எல்லாம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். வெயிலில் அந்தப் பிளாஸ்திரியின் பசை உருகி எங்கள் யூனிஃபார்மில் ஒட்டிக்கொள்ளும். முன்கதவுக் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டது. ஒரு கட்டிங் பிளேயரை வைத்துத் திருகித்தான் ஏற்றவேண்டும். டீசலும் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பை வாசனையும் கலந்து உள்ளே ஒரு நெடி இருக்கும். இன்றைக்கும் எங்காவது பழைய வண்டியில் அந்த நெடி வந்தால் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வேன்.

பெரியம்மா எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவாள். பிள்ளைகளை இறக்கிவிட ஆள் வேண்டும் என்று தினமும் கூடவே போவாள். கல்யாணச் சவாரிக்கும் போவாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வந்து கேட்டால்கூட அந்த இடத்தை விடமாட்டாள். வழி நெடுக வாய் ஓயாது. "இன்னாங்க, அந்த லாரியப் பாத்தீங்களா? இன்னாங்க, இன்னிக்கு மத்தியானம் இன்னா கொழம்பு வெக்கட்டும்? இன்னாங்க, காதுல வுழுதா?" பெரியப்பா "ம்" என்று சொல்லும்வரை விடமாட்டாள். அம்மா அவளுக்கு 'முன் சீட்டு மகாராணி' என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் வீட்டு மாடிப்படியில் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

டிசம்பர் தொடங்கி வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து எல்லோரும் கீழே பெரியப்பா வீட்டில் தரையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரமான கலகல செய்துகொண்டிருந்தோம். பெரியம்மா மாவை வெட்ட வெட்ட அம்மா எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கிறிஸ்மஸுக்கு மறுநாளு அல்லாரும் ரெடியா இருங்க. வண்டலூர் போறோம். சிங்கம் பாக்கறோம்."

"கூண்டுல தூங்கற சிங்கத்தப் பாக்க அம்மாந்தூரம் போவணுமாண்ணா?" என்றார் அப்பா.

"கூண்டு இல்லடா. காடு. சிங்கம் பாட்டுக்குத் திரியும், நம்பதான் வண்டிக்குள்ள அடஞ்சி கெடக்கணும். நம்ம வண்டியிலயே உள்ள வுட்றானாம். ஒரு கேட்டைத் தொறந்து உள்ள அனுப்பிச்சிட்டு பின்னாடியே மூடிக்குவானாம்."

மிருகக்காட்சிசாலைக்காரர்கள் தங்களுடைய வண்டியில்தான் ஏற்றிப்போவார்கள், நம் வண்டியை உள்ளே விடவே மாட்டார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டீக்கடையில் யாரோ ஒரு டிரைவர் அளந்துவிட்டதைப் பெரியப்பா நம்பினார். பெரியப்பா சொன்னதை நாங்கள் நம்பினோம்.

அன்று போட்ட திட்டம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. விடிந்ததும் கிளம்புவது. தாம்பரம் தாண்டி டீ. தம்பி கத்தாமல் இருக்கப் பையில் முறுக்கு. சாப்பாடு என்ன என்பதில்தான் சண்டை வந்தது.

"பிரியாணி கட்டிக்கலாமா மாமா?" என்று அம்மா பெரியப்பாவைக் கேட்டாள்.

"அய்யே, கறி வாசனைக்கு அது வண்டியச் சுத்திக்கினு வந்து நின்னுட்டா?" என்றாள் பெரியம்மா.

"வந்தா இன்னா அண்ணி? டிபன் கேரியரத் தொறந்து துன்னுட்டு, தயிர் பச்சடி எங்கன்னு கேக்கப் போவுதா?" என்றார் அப்பா.

பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமினார். கடைசியில் எலுமிச்சம்பழச் சாதம் என்று முடிவானது. தம்பி சிங்கம்போல நான்கு காலில் வீட்டைச் சுற்றினான். நான் அவன்மேல் ஏறிக்கொண்டேன். சிங்கத்தைப் பார்க்க என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த வாரம் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்கவே முடியவில்லை. மாலையில் பிள்ளைகளை எல்லாம் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, பெரியப்பா என்னோடு மட்டும் திருவொற்றியூருக்குப் போனார். பயணத்துக்காக வேன் சீட்டுக்குப் புது உறை தைக்கக் கொடுத்திருந்தார். அதை வாங்கி வரவேண்டும். முன் சீட்டு காலியாக இருந்தது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். மகாராணியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உறையை வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் கடல் நம் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் வரிசை மட்டும்தான் நடுவில். அலை அடித்தால் கல்லைத் தாண்டித் தண்ணீர் தெறிக்கும். பின்னால் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. புது ரெக்சின் வாசனையை மீறி மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வழக்கமான நெடி வந்தது.

"தாம்பரம் தாண்டினா ஒரு டீக்கட கீது. அங்க நிறுத்தி உனுக்கு..." என்று சொன்னவர் நிறுத்திவிட்டார்.

எனக்கு என்ன வாங்கித் தருவார் என்று கேட்கத் திரும்பினேன். அவர் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. பேச்சில்லை. எதையோ மெல்லுவதுபோல உதடு மட்டும் அசைந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தது. கண் திறந்தே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குள் பெரியப்பா இல்லை.

"பெரிப்பா."

வேன் மெல்ல இடது பக்கமாகக் கல்லை நோக்கிப் போனது.

"பெரிப்பா! பெரிப்பா!"

பின்னால் வந்த டிரெய்லர் ஹாரனை அழுத்தியது.  அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மரக்கட்டையை இழுப்பதுபோல இருந்தது. கல் வரிசையை ரிப்பேர் செய்ய அங்கே மணல் குவித்து வைத்திருந்தார்கள். வேன் அந்த மணலில் ஏறி, ஒரு உதறு உதறி, அணைந்து நின்றது. டிரெய்லர் எங்களை உரசாத குறையாகக் கடந்துபோனது. அதன் காற்றில் வேன் முழுவதும் ஆடியது.  கண்ணாடிக்கு வெளியே கடல் மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா கண்ணைச் சிமிட்டினார். சுற்றிலும் பார்த்தார்.

"இன்னாம்மா, ஏன் இங்க நிறுத்தினேன்?" என்று என்னைக் கேட்டார்.

 என் பாவாடை நனைந்திருந்தது. அதை அவர் பார்த்தார். மணலைப் பார்த்தார். ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் என் தம்பியின் முகம்போலச் சின்னதாக இருந்தது.

"யாராண்டயும் சொல்லாத கண்ணு. பெரிம்மாவாண்டகூட. சொன்னா வண்டி போய்டும். அப்புறம் பெரிப்பா வூட்லயே குந்திக்கினு கெடக்கணும்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்யமுடியும்? அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்துதான் எனக்குச் சிங்கம் பார்க்கப் போவது பயமாக மாறியது. கண்ணை மூடினால் ஒரே காட்சி. கேட்டு மூடிக்கொள்கிறது. காட்டுக்கு நடுவே வேன் போகிறது. பெரியப்பா பேசிக்கொண்டே வந்து, நிறுத்திவிடுகிறார். உதடு மெல்ல ஆரம்பிக்கிறது. வேன் ஒரு மரத்தில் போய் இடித்து நிற்கிறது. கதவு திறந்துகொள்கிறது. தம்பி கீழே விழுகிறான்.

மாலையில் பெரியவர்கள் திட்டத்தை இன்னும் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை யார் ஏற்றுவது, கட்டிங் பிளேயர் யார் கையில் இருப்பது, தம்பி யார் மடியில் என்று எல்லாம் முடிவானது. நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன்.

"நடுவுல வண்டி நின்னுட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். "எறங்கித் தள்ளச் சொல்லு உங்கப்பன" என்றாள் அம்மா. பெரியப்பா சிரிக்கவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பெரியம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சாப்பாட்டைக் குறைத்தேன். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்றேன். அம்மா முதலில் ஓமத் தண்ணீர் கொடுத்தாள், பிறகு முதுகில் ஒன்று போட்டாள். தூக்கத்தில் "சிங்கம், சிங்கம்" என்று புலம்பினேனாம். அதோடு வீட்டில் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. குழந்தைக்குச் சிங்க பயம்.

பயத்தைத் தெளியவைக்கும் வேலை தொடங்கியது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் மண் பொம்மைகளோடு ஒரு பிளாஸ்டிக் சிங்கமும் எங்கள் வீட்டில் உண்டு. ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் அது எப்படியோ வருஷா வருஷம் இடம் பிடித்துவிடும். அம்மா அதை எடுத்து என் கையில் திணித்து, "இத்தோட தூங்கு, பழகிடும்" என்றாள். அப்பா ஒருநாள் சாயங்காலம் காகிதச் சிங்க முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உறுமிக்கொண்டே ஏறி வந்தார். தம்பி சந்தோஷத்தில் குதித்தான். நான் முகமூடியின் ஓட்டை வழியாகத் தெரிந்த அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்த கண். அவ்வளவுதான், மூச்சு முட்டும்வரை கத்தினேன். அப்பா முகமூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு என்னை அணைத்துக்கொண்டார். "நான்தாண்டா, அப்பாதாண்டா. சிங்கம் இல்லடா" என்றார். அந்த மனிதரை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது. அவ்வளவு அன்பையும் கொண்டுபோய்த் தப்பான வாசலில் கொட்டிக்கொண்டிருந்தார்.

வேனில் ஏறாமல் தப்பிக்க முடியவில்லை. காய்ச்சல் தெளிந்து பெரியம்மா முன் சீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நான் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பெரியப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு வருவேன். அவர் சிமிட்டினால் எனக்கு மூச்சு வரும்.

விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முன்னால் ஒருநாள் காலை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் வேன்தான் முதல் வண்டி. பிள்ளைகள் பின்னால் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். சரக்கு ரயில் தூரத்தில் ஊதியது. கண்ணாடியில் பார்த்தேன். பெரியப்பாவின் உதடு மெல்லத் தொடங்கியிருந்தது.

பிரேக்கிலிருந்து கால் விலகி, வேன் தானாக முன்னால் நகர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மாவின் ஒரு கை ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. இன்னொரு கை சாவியைத் திருகி அணைத்தது. இரண்டும் ஒரே அசைவில் நடந்தன. அவள் பேச்சுகூட நிற்கவில்லை. "இன்னாங்க, வண்டி மக்கர் பண்ணுதா? கொயந்தைங்களா, வண்டி மக்கர் பண்ணுது, நீங்க பாடுங்க" என்றாள். பிள்ளைகள் பாடினார்கள். சரக்கு ரயில் எங்கள் மூக்குக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு கையால் பெரியப்பாவின் தொடையைத் தடவிக்கொண்டே இருந்தாள், தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் தெரிந்துவிட்டது.  அன்று மாலை ஒரு கிண்ணம் நிறையக் கலகல கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

முன் சீட்டுக்காக அவள் ஏன் அப்படிச் சண்டை போட்டாள், ஏன் ஓயாமல் பேசினாள் என்பது எனக்கு அந்த வயதிலேயே புரிந்துவிட்டது. அவளுடைய இன்னொரு பக்கம் புரியத்தான் நாளாயிற்று. பின்னால் அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, ஒரு கையையும் ஒரு வாயையும் நம்பி அவள் அந்த வண்டியைத் தினமும் கிளம்பவிட்டாள். காய்ச்சல் வந்த நாளிலும் தடுக்கவில்லை. அவளை நினைத்து எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். ஆனாலும் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. புதுத் துணி, பாதிரியாரின் பிரசங்கம், கேக், எதுவும் எனக்கு நினைவில் இல்லை. மறுநாள் காலை மட்டும் நினைவிருக்கிறது. சந்தில் வேன் நின்றது. புது உறை மாட்டி, முன்னால் இரண்டு பலூன் கட்டியிருந்தார்கள். அம்மா எலுமிச்சம்பழச் சாதத் தூக்கோடு ஏறிவிட்டாள். தம்பி அவள் மடியில். பெரியப்பா புதுச் சட்டை போட்டு ஸ்டியரிங்குக்கு முன்னால், பெரியம்மா பக்கத்தில். அப்பா என் கையைப் பிடித்தார். நான் வீட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அடம் பண்ணாத. சிங்கம் ஒண்ணும் பண்ணாது. அப்பா கீறேன் இல்ல?"

"நான் வரல. தம்பியும் வேணாம். எறங்கச் சொல்லு."

"நல்ல நாளும் அதுவுமா இன்னாடி பேஜாரு பண்ற?" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள்.

அப்பா என் விரலை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தார். என்னைத் தூக்கி வேன் படிவரை கொண்டுபோனார். அந்த நெடி முகத்தில் அடித்ததும் கத்தினேன்.

"பெரிப்பா செத்துப் போற மாறி ஆவறாரு! கண்ணு தொறந்துகினே செத்துப் போறாரு! அல்லாரையும் இட்டுக்கினு போய் கடல்ல வுட்டுடுவாரு!"

சந்தில் பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அப்பா என் கன்னத்தில் அறைந்தார். என் வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். "இன்னா பேச்சு பேசற? உன்ன வளத்த மனுசன!" இரண்டாவது முறை கை ஓங்கினார்.

முன்கதவு திறந்தது. பெரியம்மா இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க தம்பி. கொயந்த பொய் சொல்லல."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வேனுக்குள் இருந்த அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா திரும்பவே இல்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"எனுக்குத் தெரிஞ்சி, அன்னிக்கு அந்த மணல்மேட்டுல ஒரு வாட்டிதான். உனுக்குத் தெரிஞ்சி எத்தினி?"

 பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு. கல்யாணச் சவாரியில? புள்ளைங்கள ஏத்திக்கினு போவும்போது?"

"எண்ணறத வுட்டுட்டேங்க" என்றாள்.

தன்னைவிட்டுத் தான் எத்தனை முறை காணாமல் போயிருக்கிறோம் என்று அந்த மனிதருக்கே தெரிந்திருக்கவில்லை. அதுவரை நான் பயந்ததெல்லாம் எனக்காகவும் தம்பிக்காகவும்தான். அந்த நிமிஷம் வேன் கண்ணாடியில் பெரியப்பாவின் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்தபோதுதான், என் பயம் எல்லாம் ஒன்றுமேயில்லை என்று தெரிந்தது. அவர் சாவியை உருவி அப்பாவின் கையில் வைத்தார். இறங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எலுமிச்சம்பழச் சாதத்தை அன்று யாரும் தொடவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அதுவும் ஒருவகை வலிப்புதான், கீழே விழுந்து துடிக்காமல் இப்படி வந்து போகும், மாத்திரையில் கட்டுப்படும், வண்டி மட்டும் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். அப்பா பள்ளிப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய், இன்ஜின் கெட்டுவிட்டது, இனி வேன் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். உண்மையைச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. வேனை யாரோ காட்டுப்பள்ளிப் பக்கத்து ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனார். பெரியப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நாளெல்லாம் மற்றவர்களின் வண்டிக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை.

அவர் என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது; நான் கீழே போனால் எழுந்து வெளியே போய்விடுவார். என் தட்டில் மீன் துண்டை எடுத்து வைக்கும் கை வரவில்லை. 'வண்டி போய்டும்' என்று கெஞ்சினாரே, அவர் சொன்னபடியே போய்விட்டது, என்னால்தான் போனது என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அவரையே இழந்துவிட்டேன் என்ற பயம் கடற்கரைச் சாலைப் பயத்தைவிட நீண்டது. அதைத் தெளியவைக்க யாரும் முகமூடி மாட்டிக்கொண்டு வரவில்லை. வீட்டில் யாருக்கும் அது பயமாகவே தெரியவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் யார்டிலிருந்து வந்தவர், மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெயம லீவு போட்டுக்கீறேன். சிங்கம் பாக்க வர்றியா, இல்ல மெய்யாலுமே பயமா?"

"எதுல போறது?" என்று கேட்டேன்.

"ரயில்ல" என்றார்.

எல்லோரும் மின்சார ரயிலில் போனோம். இந்தத் தடவை யாரும் திட்டம் போடவில்லை. உள்ளே போனதும்தான் அவர்களுடைய வண்டியில்தான் சிங்கம் பார்க்கவேண்டும் என்று தெரிந்தது. "அப்பவே வந்திருந்தாலும் நம்ம வண்டிய வுட்டிருக்க மாட்டான் போலக்கீதே" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெரியப்பாதான் முதலில் சிரித்தார்.

ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட வண்டி அது. பெரியம்மா பின்னால் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டாள். முன் சீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பெரியப்பாவும் டிரைவருக்கு நேர் பின்னால். முதல் கேட் திறந்து, நாங்கள் உள்ளே போனதும் மூடிக்கொண்டது.  கனவில் கேட்ட அதே சத்தம். இரண்டாவது கேட் திறந்தது. தம்பி "தோ, தோ" என்று கூவினான். எல்லோரும் வலது பக்கம் சாய்ந்தார்கள்.

நான் சாயவில்லை. டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியில் அந்த முன்பின் தெரியாத மனிதரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமிட்டுகிறாரா? உதடு அசைகிறதா? வெற்றிலை போட்டிருந்தார். வாய் மென்றுகொண்டே இருந்தது. 

அப்போது பெரியப்பா என் பக்கம் குனிந்தார். அவர் பார்வையும் அந்தக் கண்ணாடியை விட்டு எடுபடவில்லை. என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து மூடிக்கொண்டார்.

"அவன் நல்லாதான் ஓட்டறான். நான் பாத்துக்கினே கீறேன்" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீ சிங்கத்தப் பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன்.